கிளாஸ் 150 எத்தனை கிலோ தாங்கும்? பைப் ஃபிட்டிங் பிரஷர் கிளாஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், ஈரோடு, பெருந்துறைப் பக்கம் பாய்லர் ரூமிலும் சாயப்பட்டறையிலும் வேலை பார்க்கிறவர்கள், பர்ச்சேஸில் உட்கார்ந்து பைப் சாமான் வாங்குகிறவர்கள், புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ பையன்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஸ்டீம் லைனில் ஒரு ஜாயின்ட் பிய்த்துக்கொண்டால் பக்கத்தில் நிற்கிறவரின் தோல் உரிந்துவிடும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கிளாஸ் 150 ஃபிளேஞ்ச் என்றால் 150 பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு 150 பவுண்டு) தாங்கும், அவ்வளவுதானே?

இல்லை. ஃபிளேஞ்ச் என்பது பைப்பைப் போல்ட் போட்டு இணைக்க முனையில் வைக்கிற வட்டத் தட்டு. அந்த 150 அதன் வகுப்பின் பெயர், அவ்வளவுதான். முற்காலத்தில் சூடான நீராவிக்கு இத்தனை பவுண்டு என்று கணக்கிட்டு வைத்த எண் அப்படியே பெயராக நின்றுவிட்டது, கடைக்காரர்களும் இன்றுவரை "150 பவுண்டு ஃபிளேஞ்ச்" என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் எவ்வளவு தாங்கும் என்பதை மூன்று விஷயம் சேர்ந்து முடிவு செய்கிறது: கிளாஸ் எண், உலோகம், உள்ளே ஓடுவதன் வெப்பநிலை. மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் பதில் சொல்ல முடியாது.

சாதாரண கார்பன் ஸ்டீல், அதாவது ஏ105 என்ற தரத்து ஃபோர்ஜிங்கில் (சூடாக்கி அடித்து உருவாக்கிய ஸ்டீலில்) செய்த கிளாஸ் 150 ஃபிளேஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.எஸ்.எம்.இ. என்ற அமெரிக்க இன்ஜினியர் சங்கத்தின் பி16.5 ஃபிளேஞ்ச் தர அட்டவணைப்படி அது 38 டிகிரி செல்சியஸ் வரை 19.6 பார் தாங்கும், பிஎஸ்ஐயில் 285. 100 டிகிரியில் 17.7 பார், 200 டிகிரியில் 13.8, 300 டிகிரியில் 10.2, 400 டிகிரியில் வெறும் 6.5. அதே ஃபிளேஞ்ச், அதே போல்ட், சூடு ஏற ஏற பலம் இறங்குகிறது.

கிலோ, பார், பிஎஸ்ஐ எல்லாம் கலந்து குழப்புகிறதே?

நம் ஊரில் "பத்து கிலோ பிரஷர்" என்றால் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோ. ஒரு கிலோ என்பது 0.98 பார், 14.2 பிஎஸ்ஐ. கிலோவும் பாரும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஓரத்தில் நிற்கிற கணக்கில் மட்டும் மாற்றிப் பாருங்கள்.

எங்கள் பாய்லர் 17.5 கிலோ. கிளாஸ் 150 ஃபிளேஞ்ச் 19.6 பார் தாங்குமே, அதையே போடலாமா?

கூடாது. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கம் முழுவதையும் எழுதலாம், அவ்வளவு பேர் இதில் வழுக்குகிறார்கள்.

19.6 என்பது 38 டிகிரிக்கான எண். 17.5 கிலோ நீராவி, சூப்பர்ஹீட் எதுவும் இல்லாத, அதாவது கொதித்த பிறகு மேலும் சூடாக்காத, வெறும் சாச்சுரேட்டட் ஸ்டீமாக இருந்தாலும், சுமார் 207 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டில் ஏ105 கிளாஸ் 150 தாங்குவது 13.5 பார் அளவுதான், உங்கள் லைனில் இருப்பதோ 17 பாருக்கு மேல். எனவே கிளாஸ் 300-க்குப் போக வேண்டும், அது 200 டிகிரியில் 43.8 பார் தாங்கும், தாராளம்.

10.54 கிலோ பாய்லர் என்றால் கதை வேறு. அது 150 பிஎஸ்ஐ, நீராவி சுமார் 185 டிகிரி, அங்கே கிளாஸ் 150-க்கு 14 பாருக்குச் சற்று மேலே இடம் இருக்கிறது, அழுத்தக் கணக்கில் பாஸ். ஆனால் 10.54 கிலோ பாய்லரைக் கழற்றிவிட்டு 17.5 கிலோ பாய்லர் வைக்கும்போது பழைய ஹெடரையும் (ஸ்டீமைப் பல லைன்களுக்குப் பிரிக்கிற பெரிய பைப்) பழைய வால்வுகளையும் அப்படியே விட்டுவிடுகிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் பயமாக இருக்கிறது. பாய்லர் மாறினால் ஹெடரிலிருந்து பிரஷர் குறைக்கும் வால்வு வரை உள்ள ஒவ்வொரு ஃபிளேஞ்சின் விளிம்பில் குத்தியிருப்பதையும் படித்துப் பார்த்தாக வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் கூடத் தாங்கும்தானே? விலையும் கூடத்தானே?

விலை துருவுக்கும் ரசாயனத்துக்கும் கொடுப்பது, அழுத்தத்துக்கு இல்லை. 38 டிகிரியில் கிளாஸ் 150 கார்பன் ஸ்டீல் 19.6 பார், 316 ஸ்டெயின்லெஸ் 19.0 பார், 316எல் வெறும் 15.9 பார். 100 டிகிரியில் 316எல் 13.3-க்கு வந்துவிடும், கார்பன் ஸ்டீல் அங்கே இன்னும் 17.7-ல் நிற்கிறது. கார்பன் ஸ்டீல் லைனை அப்படியே 316எல்லுக்கு மாற்றுகிறவர்கள் கிளாஸை மறுபடி சரிபார்க்காமல் விட்டால் பலத்தைக் குறைத்துவிட்டுப் பலப்படுத்தியதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். 316, 316எல் இரண்டுக்கும் சேர்த்துச் சான்று உள்ள சரக்கு கிடைக்கிறது, அதற்கு 316-இன் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம், சர்டிஃபிகேட்டில் இரண்டு பெயரும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மொத்தம் எத்தனை கிளாஸ் இருக்கிறது?

ஸ்டீல் ஃபிளேஞ்சுக்கு 150, 300, 400, 600, 900, 1500, 2500. இதில் 400 நடைமுறையில் கண்ணில் படுவதே இல்லை. ஏ105-இல் 38 டிகிரிக்கு கிளாஸ் 300 தாங்குவது 51.1 பார், 600 என்றால் 102.1, 900 என்றால் 153.2, 1500 என்றால் 255.3, 2500 என்றால் 425.5. அரை இஞ்ச் முதல் 24 இஞ்ச் வரை பி16.5, அதற்கு மேல் 60 இஞ்ச் வரை பி16.47. கிளாஸ் 800 என்று ஒன்று சின்ன ஃபோர்ஜ்டு வால்வுகளில் வரும், அந்தப் பெயரில் ஃபிளேஞ்ச் கிடையாது.

அப்படியானால் 3000 கிளாஸ் எல்போ, 6000 கிளாஸ் கப்ளிங் என்கிறார்களே, அது 2500 ஃபிளேஞ்சை விடப் பலமா?

இது முற்றிலும் வேறு அட்டவணை, இரண்டையும் ஒப்பிடவே கூடாது. 2000, 3000, 6000, 9000 எல்லாம் பி16.11 என்ற தரத்தில் வருகிற சின்ன ஃபோர்ஜ்டு ஃபிட்டிங்குகளுக்கு. அங்கே கிளாஸ் எண் சொல்வது, இந்த ஃபிட்டிங் எந்தத் தடிமன் பைப்புக்கு ஜோடி என்பதைத்தான். ஷெட்யூல் என்பது பைப்பின் தடிமனைக் குறிக்கிற எண். சாக்கெட் வெல்டு (பைப்பைக் குழிக்குள் நுழைத்து வெல்டு பண்ணுவது) என்றால் 3000-க்கு ஜோடி ஷெட்யூல் 80, 6000-க்கு ஷெட்யூல் 160, 9000-க்கு அதைவிடத் தடித்த டபுள் எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங். திரெட் போட்ட ஃபிட்டிங் என்றால் 2000-க்கு ஷெட்யூல் 80, 3000-க்கு ஷெட்யூல் 160, 6000-க்கு டபுள் எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங். அதாவது அந்த ஜோடிப் பைப் எவ்வளவு தாங்குமோ ஃபிட்டிங்கும் அவ்வளவு தாங்கும்.

கவனித்தீர்களா, 3000 என்ற ஒரே எண் சாக்கெட் வெல்டில் ஷெட்யூல் 80-க்கும் திரெட்டில் ஷெட்யூல் 160-க்கும் போகிறது. திரெட் வெட்டும்போது பைப்பின் சதை போய்விடுகிறது, அதனால்தான் தடித்த பைப்போடு ஜோடி சேர்த்திருக்கிறார்கள். இண்டெண்டில் (சாமான் கேட்டு எழுதுகிற சீட்டில்) "ஒரு இஞ்ச் 3000 எல்போ" என்று மட்டும் எழுதினால் திரெட்டா சாக்கெட்டா என்று கடைக்காரர் ஊகித்துக்கொள்வார், ஊகம் தப்பினால் வேலை ஒரு நாள் நிற்கும்.

இப்போது சிக்கலான இடம். 3000 கிளாஸ் எல்போ போட்ட லைனில் ஒரே ஒரு கிளாஸ் 150 ஃபிளேஞ்ச் இருந்தாலும் முழு லைனும் கிளாஸ் 150 லைன்தான். சங்கிலியில் மெலிந்த கண்ணி எதுவோ அதுதான் சங்கிலியின் பலம்.

நான்கு இஞ்ச் வெல்டிங் எல்போவுக்கு என்ன கிளாஸ் கேட்பது?

கேட்காதீர்கள். பட் வெல்டு (முனையோடு முனை வைத்து வெல்டு பண்ணுகிற) எல்போ, டீ, ரெட்யூசர் எல்லாம் பி16.9 தரம், அவற்றுக்குக் கிளாஸே கிடையாது. ஷெட்யூல்தான் கேட்க வேண்டும், பைப் என்ன ஷெட்யூலோ அதே ஷெட்யூல். "150 கிளாஸ் பட் வெல்டு எல்போ" என்று ஆர்டர் போட்டால் கடையில் கையில் இருக்கிற ஏதோ ஒரு தடிமன் வந்து சேரும்.

பைப் ஷெட்யூலைக் கூட்டினால் லைன் கூடத் தாங்காதா?

பெரும்பாலான லைன்களில் பைப் தடையாக இருப்பதில்லை. நான்கு இஞ்ச் ஷெட்யூல் 40 சீம்லெஸ் பைப், ஏ106 கிரேடு பி என்று வையுங்கள். வெளி விட்டம் 114.3 மில்லி, தடிமன் 6.02 மில்லி. தயாரிப்பில் 12.5 சதவீதம் மெலிந்து வரலாம் என்று கழித்தால் கையில் நிற்பது 5.27 மில்லி. சாதாரண வெப்பநிலையில் அனுமதிக்கும் தகைவு 138 மெகாபாஸ்கல் வைத்துக் கணக்குப் போட்டால் 130 பாருக்கு மேல் வருகிறது. துருவுக்கு ஒன்றரை மில்லி ஒதுக்கினாலும் 90 பாருக்குக் குறையாது. அதன் முனையில் வெல்டு பண்ணியிருக்கிற கிளாஸ் 150 ஃபிளேஞ்ச் தாங்குவதோ 19.6 பார். அப்புறம் ஷெட்யூல் 80 போட்டு என்ன பிரயோஜனம்? துருவுக்காகவும் திரெட்டுக்காகவும் தடித்த பைப் போடுங்கள், சரி. அழுத்தத்துக்கு என்றால் முதலில் ஃபிளேஞ்சைப் பாருங்கள், பிறகு வால்வு, பிறகு இரண்டு ஃபிளேஞ்சுக்கு நடுவில் வைக்கிற கேஸ்கெட்.

பிஎன் 16 ஃபிளேஞ்சும் கிளாஸ் 150-உம் ஒன்றா? பொருந்துமா?

பிஎன் என்பது ஐரோப்பிய முறை, அங்கே எண் ஏறக்குறைய நேரடியாகப் பார்தான், பிஎன் 16 என்றால் சாதாரண வெப்பநிலையில் 16 பார் சுமாராக. அதுவும் சூட்டில் இறங்கும். தோராயமாகக் கிளாஸ் 150 என்பதை பிஎன் 20 என்றும், 300 என்பதை பிஎன் 50 என்றும் சொல்வார்கள், பேச்சுக்குச் சரி.

போல்ட் ஓட்டை சேராது. நான்கு இஞ்ச் கிளாஸ் 150 ஃபிளேஞ்சுக்கு வெளி விட்டம் 229 மில்லி, எட்டு போல்ட், பிசிடி (போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியே போகிற வட்டத்தின் விட்டம்) 190.5 மில்லி. அதே அளவு பிஎன் 16-க்கு வெளி விட்டம் 220, அதற்கும் எட்டு போல்ட்தான், பிசிடி 180. எட்டுக்கு எட்டு ஓட்டை இருப்பதால் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும், பத்தரை மில்லி வித்தியாசம். இறக்குமதி மெஷினில் பிஎன் ஃபிளேஞ்ச், நம் லைனில் ஏ.எஸ்.எம்.இ. ஃபிளேஞ்ச், நடுவில் ஃபிட்டர் ஓட்டையை நீளவாக்கில் கட்டர் விட்டுப் பெரிதாக்கி போல்ட்டைச் சாய்த்து நுழைக்கிறார் என்றால் அந்த வேலையை நிறுத்துங்கள். போல்ட் தலை பாதிதான் உட்காரும், கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கும், அந்த ஜாயின்டுக்கு எந்த அட்டவணையும் பொறுப்பேற்காது. ஒரு பக்கம் பிஎன், மறுபக்கம் ஏ.எஸ்.எம்.இ. வைத்து ஒரு சின்னத் துண்டு ஸ்பூல் செய்தால் முடிந்தது. பழைய மில்களில் பி.எஸ். 10 என்ற பழைய பிரிட்டிஷ் தரத்தின் டேபிள் டி, டேபிள் ஈ ஃபிளேஞ்சுகளும் இன்னும் கிடக்கின்றன, அவற்றின் துளையமைப்பு இன்னொரு விதம்.

கிளாஸ் 300 ஃபிளேஞ்சும் 600-உம் போல்ட் சேர்ந்துவிட்டது, அப்படியே விடலாமா?

இரண்டு இஞ்சில் இது நடக்கும். 300, 600 இரண்டுக்கும் வெளி விட்டம் 165 மில்லி, எட்டு போல்ட், பிசிடி 127. சேர்வதாலேயே ஒன்றாகிவிடாது, 600-இன் தடிமன் அதிகம், முகத்தில் எழும்பி நிற்கிற பாகம் 7 மில்லி. 150, 300 இரண்டிலும் அது 2 மில்லிதான். இந்த உயரம் கிளாஸை அடையாளம் காண நல்ல குறிப்பு, விரல் வைத்தாலே தெரியும். பூட்டிவிட்டால் அந்த ஜாயின்ட் கிளாஸ் 300-தான்.

வார்ப்பிரும்பு வால்வை கிளாஸ் 150 ஸ்டீல் ஃபிளேஞ்சோடு பூட்டலாமா?

கிளாஸ் 125 வார்ப்பிரும்பின் துளையமைப்பு கிளாஸ் 150 ஸ்டீலோடு பொருந்தும்படிதான் வைத்திருக்கிறார்கள், பூட்டலாம். ஆனால் வார்ப்பிரும்பு முகம் தட்டையாக இருக்கும். எதிரில் ரெய்ஸ்டு ஃபேஸ் (முகம் எழும்பி நிற்கிற) ஸ்டீல் வைத்து முறுக்கினால் ஓரத்தில் இடைவெளி விழுந்து, போல்ட் இழுக்கும்போது வார்ப்பிரும்பு ஃபிளேஞ்ச் வளைய முயன்று, வளையத் தெரியாததால் படீரென்று வெடிப்பு விடும். ஸ்டீல் முகத்தையும் தட்டையாக எடுத்துக்கொண்டு, போல்ட் ஓட்டைக்கும் வெளியே ஓரம் வரை வருகிற முழு முகக் கேஸ்கெட் போடுங்கள். தெர்மிக் ஆயில் (சூட்டைக் கொண்டுபோகிற எண்ணெய்) லைனில் வார்ப்பிரும்பு வேண்டவே வேண்டாம்.

தெர்மிக் ஆயில் லைனில் பிரஷரே நான்கைந்து கிலோதான். எதற்குக் கிளாஸ் 300 கேட்கிறார்கள்?

ஸ்டென்டருக்கு (துணியை விரித்துக் காயவைக்கிற மெஷின்) போகிற எண்ணெய் 250, 280 டிகிரியில் ஓடுகிறது. 300 டிகிரியில் கிளாஸ் 150 தாங்குவது 10.2 பார், நம்மிடம் இருப்பது ஐந்து, கணக்குப்படி பாதிதான். ஆனால் அட்டவணை சொல்வது உலோகத்தின் பலத்தை. ஒழுகாமல் நிற்குமா என்பது தனிக் கேள்வி. தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பைப் நீண்டு சுருங்கி ஃபிளேஞ்சை இழுக்கும்போது மெல்லிய ஃபிளேஞ்சும் மெலிந்த போல்ட்டும் கேஸ்கெட்டின் மேல் பிடியைத் தளரவிடும். வெப்ப வேறுபாடும் வெளி இழுவையும் கடுமையாக இருக்கிற இடத்தில் கிளாஸ் 150 ஜாயின்ட் 200 டிகிரிக்கு மேல் கசியக்கூடும் என்று பி16.5 தரமே எச்சரிக்கிறது, மற்ற கிளாஸ்களுக்கு அந்த எல்லை 400 டிகிரி.

நான்கு இஞ்சில் 150-க்கு 5/8 இஞ்ச் போல்ட் எட்டு, 300-க்கு 3/4 இஞ்ச் போல்ட் எட்டு, ஃபிளேஞ்சும் தடிமன். அந்த வித்தியாசம்தான் எண்ணெய்ச் சொட்டை நிறுத்துகிறது. சொட்டுகிற எண்ணெய் தரையில் விழுந்தால் கண்ணில் படும். லேகிங்குக்குள் (பைப் மேல் சுற்றிய வெப்பக் காப்பு) ஊறினால் யாருக்கும் தெரியாது, ராக்வூல் அதைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சூட்டில் மெல்லப் புகைந்து ஒரு நாள் தானாகவே தீப்பிடிக்கும். அதனால் தெர்மிக் லைனில் முடிந்தவரை வெல்டு ஜாயின்ட், தவிர்க்க முடியாத இடத்தில் கிளாஸ் 300, கிராஃபைட் நிரப்பிய ஸ்பைரல் வூண்ட் கேஸ்கெட், ஃபிளேஞ்ச் இருக்கிற இடத்தில் லேகிங் போடாமல் திறந்து விடுவது. இதில் காசு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், தயவுசெய்து.

போல்ட் எதுவாக இருந்தால் என்ன, முறுக்கினால் போதாதா?

போதாது. ஃபிளேஞ்சில் கிளாஸ் 300 என்று அடித்திருக்கும், கேஸ்கெட் நல்லதாக இருக்கும், போல்ட் மட்டும் ஹார்டுவேர் கடையில் எடைக்கு வாங்கிய எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) போல்ட்டாக இருக்கும். 4.6 என்று தலையில் அடித்த போல்ட் 240 மெகாபாஸ்கலில் நீள ஆரம்பித்துவிடும். பி7 என்ற அலாய் ஸ்டீல் ஸ்டட் 720 வரை நிற்கும், மூன்று மடங்கு. ஸ்டட்டின் முனையில் பி7 என்றும் நட்டில் 2எச் என்றும் குத்தியிருப்பார்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். பலம் குறைந்த போல்ட்டுக்கு பி16.5 இடம் கொடுப்பது 150, 300 இரண்டிலும் மட்டும்தான், அதுவும் கேஸ்கெட் அதற்கு ஏற்றதாக இருந்தால். ஸ்டீமுக்கும் தெர்மிக்குக்கும் பி7 தவிர வேறு யோசிக்க வேண்டாம்.

ஜிஐ எல்போவிலும் 150 என்று இருக்கிறது, அதுவும் இதே கணக்கா?

இல்லை, அது மேலியபிள் அயர்ன் திரெட் ஃபிட்டிங், அதற்குத் தரம் பி16.3. அதில் கிளாஸ் 150 என்பது 66 டிகிரி வரை 300 பிஎஸ்ஐ, 185 டிகிரி நீராவிச் சூட்டில் 150 பிஎஸ்ஐ. எண் ஒன்று, கணக்கு வேறு.

வால்வில் 1000 டபிள்யூஓஜி என்று இருக்கிறதே?

தண்ணீர், எண்ணெய், வாயுவுக்கு, குளிர்ந்த நிலையில், 1000 பிஎஸ்ஐ. ஸ்டீமைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உள்ளே இருக்கிற டெஃப்ளான் சீட் சூட்டில் இளகும், அதனால் தயாரிப்பாளரின் அழுத்த-வெப்ப வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஹைட்ரோ டெஸ்டில் கிளாஸ் 150 லைனை 30 பார் ஏற்றினோம், ஒன்றும் ஆகவில்லை. அப்போது 25 பாரில் ஓட்டலாமா?

கூடாது. ஃபிளேஞ்ச் ஜாயின்டை 38 டிகிரி ரேட்டிங்கின் ஒன்றரை மடங்கு வரை குளிர்ந்த தண்ணீரில் சோதிக்க அனுமதி உண்டு, 19.6-க்கு அது 30 பார். சில நிமிடம் தாங்கிக் காட்டுவதற்கும் வருடக்கணக்கில் சூட்டோடு ஓடுவதற்கும் இடையில் வைத்த இடைவெளி அது, அதை நாம் எடுத்துத் தின்னக் கூடாது. இன்னொன்று, ஒன்றரை மடங்கு என்பது வால்வின் உடம்புக்கு. மூடிய வால்வின் சீட்டுக்கு 1.1 மடங்குதான் சோதனை அளவு. மூடிய வால்வை அடைப்பாக வைத்து டெஸ்ட் எடுக்காமல் பிளைண்ட் ஃபிளேஞ்ச் (நடுவில் துளையில்லாத மூடித் தட்டு) போடுங்கள்.

ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிகள்) சர்டிஃபிகேட் இருந்தால் கிளாஸ் பார்க்க வேண்டாமா?

இரண்டும் வேண்டும். 3.5 கிலோவுக்கு மேல் நீராவி போகிற பைப், அல்லது உள்விட்டம் 254 மில்லியைத் தாண்டிய ஸ்டீம் பைப் என்றால் பாய்லர் விதிகளுக்குள் வந்துவிடும், ஃபிட்டிங்குகளுக்கும் வால்வுகளுக்கும் ஃபார்ம் 3-சி கேட்பார்கள். அந்தப் பேப்பர் சாமான் ஒழுங்காகச் செய்து சோதித்தது என்று சொல்கிறது. உங்கள் லைனுக்கு அது போதுமா என்று பார்ப்பது உங்கள் வேலை. சர்டிஃபிகேட்டில் உள்ள ஹீட் நம்பரும் (உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண்) ஃபிளேஞ்சில் குத்தியிருக்கிற ஹீட் நம்பரும் ஒன்றா என்று இறக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பழைய லைனில் எந்த மார்க்கும் இல்லாத ஃபிளேஞ்ச். எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல ஃபிளேஞ்சின் விளிம்பில் அளவு, கிளாஸ், ஏ105 மாதிரி உலோகப் பெயர், பி16 குறி, தயாரிப்பாளர் முத்திரை, ஹீட் நம்பர் இருக்க வேண்டும். பெயின்ட் அடுக்கடுக்காக ஏறியிருக்கும், வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தால் பல நேரம் எழுத்து கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் வெளி விட்டம், பிசிடி, போல்ட் எண்ணிக்கை, போல்ட் அளவு, தடிமன் ஐந்தையும் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுங்கள், எந்த முறை, எந்தக் கிளாஸ் என்று தெரிந்துவிடும். உலோகம் அளவில் தெரியாது. பிளேட்டை வட்டமாக வெட்டி ஓட்டை போட்ட ஃபிளேஞ்சும் வெளிப்பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும், அளவும் சரியாக வரும், ஆனால் அது எந்தப் பிளேட் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் லைன் என்றால் ஓடட்டும். ஸ்டீமோ தெர்மிக்கோ என்றால் அடுத்த ஷட்டவுனில் வெட்டி எடுத்துவிட்டு, சர்டிஃபிகேட்டோடு வந்த புதிய ஃபிளேஞ்சை வெல்டு பண்ணுங்கள்.